பக்கத்து வீட்டில் கேட்பார்கள்

லீலாபாய் அக்காவைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு பொய்யோடுதான் தொடங்குவார்கள். "நான் ரேடியோ அவ்வளவா கேக்கியது இல்ல, கேட்டியளா" என்பார்கள். அடுத்த மூச்சில், "ஆனா அந்த அம்மா வெள்ளனே ஒரு சிரிப்பு சிரிக்குமே" என்று ஆரம்பிப்பார்கள். கேட்காதவனுக்குச் சிரிப்பு மட்டும் எப்படித் தெரியும்? நான் மடக்குவதில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒருவன் எதை முந்திக்கொண்டு இல்லை என்கிறானோ, அங்கேதான் தோண்ட வேண்டும்.

என் பெயர் மரியஜான். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பா மீன் ஏலம் விளிக்கிறவர். வாயில் வருகிற விலை ஒன்று, மனசில் இருக்கிற விலை வேறு என்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. நாகர்கோவிலில் தென்முனை எப்.எம். என்று ஒரு தனியார் ரேடியோ 2008-இல் தொடங்கியபோது விளம்பரம் பிடிக்கிற வேலைக்கு என்னை எடுத்தார்கள். அதே வாரம் லீலாபாய் அக்காவையும் எடுத்தார்கள்.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. ஊர் கருங்கலுக்குப் பக்கத்தில் திக்கணங்கோடு. சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அண்டியாபீசுக்குப் போய்விட்டார். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை தட்டுகிற சத்தத்துக்கு மேலே போனால்தான் அங்கே பேச்சு. யாருக்கு வீட்டில் சண்டை, யாருக்கு மாமியார் கஞ்சி ஊற்றவில்லை என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, பெயர் மட்டும் சொல்லாமல் கதை கட்டி வரிசை முழுவதையும் சிரிக்க வைப்பாராம். கதைக்குரியவளும் சேர்ந்து சிரிப்பாளாம். கணவர் ரசலையன் பஹ்ரைனில் கட்டட வேலைக்குப் போய், முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்தார். அதன் பிறகு வீட்டுக்கு ஒரு சம்பளம் தேவைப்பட்டது. சபையில் அறிவிப்பு வாசிக்கிற அக்காவின் குரலைக் கேட்ட யாரோ ரேடியோவுக்குப் போகச் சொன்னார்கள்.

தேர்வுக்கு வந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் சென்னையில் பிறந்தவர்கள் மாதிரி வழுக்கி வழுக்கிப் பேசினார்கள். அக்கா மைக்கைப் பார்த்து, "இதில பேசினா அருமனையில தெளிஞ்சு கேக்குமா மக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு வரிக்காகவே எடுத்துவிட்டதாக ஆபீசில் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் சந்தேகம்தான். விடிகாலை ஐந்தரைக்கு வந்து உட்கார வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பதே உண்மையான காரணமாக இருக்கும்.

நிகழ்ச்சிக்கு 'வெள்ளனே வாங்க', அதாவது விடியற்காலையிலேயே வாங்க, என்று பெயர் வைத்தார்கள். வடசேரியில் ஒரு சின்ன வீடு பிடித்து அக்காவும் ரசலையன் அண்ணனும் குடிவந்தார்கள். பாட்டுக்கு நடுவில் அக்கா மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துத் தமிழில் பேசுவார். ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு மழைதான் முக்கியம். மரம் நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. "குலசேகரத்துக்காரங்க யாராவது விளிங்க, அங்க மழையா?" என்று கேட்பார். யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். வீட்டுப் பெண்கள் பாட்டுக் கேட்பார்கள். நிகழ்ச்சி அவ்வளவுதான்.

இதில் அக்கா ஒரு விதி வைத்திருந்தார். கூப்பிடுகிற பெண்களிடம் பெயர் கேட்க மாட்டார். தொடங்கிய புதிதில் குழித்துறைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பெயரும் ஊரும் சொல்லிப் பாட்டுக் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவளுடைய அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். பேசி முடித்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், எப்.எம்.முக்கு போன் பண்ணுகிற பிள்ளை நமக்குச் சரிப்படாது என்று பின்வாங்கிவிட்டார்களாம். ஆபீஸ் வாசலில் அவன் நின்று கத்தியதை நானும் பார்த்தேன். அன்றிலிருந்து அக்கா, "பேரு வேண்டாம். ஊரச் சொன்னா போதும். அதையும் மாத்திச் சொன்னா நான் கண்டுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பிறகென்ன, சுத்தமான விளவங்கோட்டுத் தமிழில், "எனக்க அம்மைக்கு ஒரு பாட்டு வேணும், நான் பூதப்பாண்டியில இருந்தாக்கும் பேசுதேன்" என்று ஆட்கள் கிளம்பினார்கள். கிழக்கே வயல்காடான பூதப்பாண்டியில் எவள் 'எனக்க' என்பாள்? அக்கா கமுக்கமாக, "பூதப்பாண்டியில நெல்லு வெளஞ்சாச்சா?" என்று கேட்பார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் மட்டும் வரும்.

ரேடியோவுக்கு நேயர் என்றால் எல்லாரும் நேயர் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. எங்கள் முதலாளி முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுதான் நம் நேயர். நகை, பட்டு, பாத்திரம், கட்டில், அலமாரி எல்லாம் அந்த வீடு வாங்கப்போகிறது. அந்த வீட்டின் காது நம் கையில் இருந்தால் கடைக்காரன் நம் வாசலுக்கு வருவான். இது முதலாளிக்குத் தெரிந்த மாதிரியே மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. வேளிமலைக்குக் கிழக்கே திருநெல்வேலி ஸ்டேஷன்கள் கணீரென்று கேட்கும். மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் திருவனந்தபுரத்து மலையாள ஸ்டேஷன்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கத்து விளம்பர ஆட்களும் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்து, "தென்முனையா, அத யாரு கேக்குதா?" என்று சாயா குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் எழுந்துபோன நாற்காலியில் நான் போய் உட்காருவேன். சூடு கூட ஆறியிருக்காது.

யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 2011-இல் சென்னைக் கம்பெனி ஒன்றை வைத்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். முடிவைக் காட்ட எங்கள் மேனேஜர் ஆவுடையப்பன் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர், நிதானமான மனிதர். திரையில் மாவட்டப் படம் வந்தது. கிழக்கே நல்ல பச்சை. மேற்கே, கருங்கல், அருமனை, குலசேகரம் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. அங்கே எங்களைக் கேட்கிறவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

"அப்ப காலையில போன் பண்ணுறது யாரு?" என்றேன் நான்.

ஆவுடையப்பன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "அதத்தான் நானும் கேக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கூப்பிட்ட நம்பர்ல சிலதுக்கு நானே திருப்பி அடிச்சுப் பாத்தேன். எல்லாமே ராங் நம்பர்ங்காங்க. பூதப்பாண்டின்னு சொன்னவங்களுக்குப் பூதப்பாண்டி எந்தப் பக்கம்னே தெரியல. நாலஞ்சு பேரு குரல மாத்தி மாத்திப் பேசுற மாதிரி இருக்கு. உங்க சொந்தக்காரங்க யாராவது..."

 அக்காவின் முகம் கறுத்துப் போயிற்று. "நான் ஆளு வச்சு விளிக்க வைக்கேனா சார்?" என்றார். மேனேஜர் அப்படிச் சொல்லவில்லை என்றார். அப்படித்தான் சொன்னார். மேற்கில் ஆளே இல்லையென்றால் மேற்குத் தமிழ் எதற்கு, மாதக் கடைசியோடு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுக் கிழக்கைப் பார்ப்போம் என்பது முதலாளியின் யோசனை என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "வேல போனா போட்டு மரியஜானே. அண்டி தட்டின கையி, எங்க போனாலும் கஞ்சி குடிச்சிடும். ஆனா கள்ளிண்ணு பேரு எடுத்துட்டு நான் எனக்க ஊருக்குப் போவ முடியாது, பாத்துக்க."

எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் என் புத்தி சும்மா இருக்குமா? முதலில் சென்னைக் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். திருவனந்தபுரத்தான் கையில் ஏதாவது திணித்திருப்பான். பிறகு ஆவுடையப்பனைச் சந்தேகப்பட்டேன். சொந்த ஊர்ப்பக்கம் காது திரும்பினால் அவருக்கு நல்லதுதானே. மூன்றாவதாக அக்காவை. மறுநாள் காலை, "அருமனையில நல்ல மழை" என்று ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னாள். நான் உடனே அருமனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இஞ்ஞாசிக்கு போன் போட்டேன். கொட்டுகிறது என்றான். அடுத்த நாள் திற்பரப்பில் தூறல் என்றாள் ஒருத்தி. விசாரித்தேன், தூறல்தான். அக்காவின் சொந்தக்காரர்கள் திக்கணங்கோட்டில் உட்கார்ந்துகொண்டு திற்பரப்புத் தூறலைச் சொல்ல முடியாது. ஆட்கள் நிஜம். அப்படியானால் கணக்கெடுக்கப் போனவர்களிடம் ஏன் இல்லை என்றார்கள்?

"நேர்ல போய்ப் பாப்போம் எக்கா" என்றேன். "நான் கேள்வி கேக்கியேன். நீங்க மட்டும் வாய தெறக்கப்பிடாது. உங்க சத்தம் கேட்டா மரியாதைக்காவது கேக்கிறோமுண்ணு சொல்லிருவாங்க. அது கணக்கில்ல."

கம்பெனிக்காரர்கள் கேட்ட அதே கேள்விகளை எழுதிக்கொண்டு கருங்கலில் பஸ் இறங்கினோம். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அக்கா நல்ல சேலை கட்டி, குடை பிடித்து, வாயைத் திறக்காமல் பின்னால் வந்தார். சந்தையைத் தாண்டி ஒரு சந்தில் முதல் வீடு. மஞ்சள் வண்ணம் அடித்த புதுக் கான்கிரீட் வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க தேவகனி என்ற அம்மா வந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். குடையைப் பார்த்தார். உடனே முகம் மலர்ந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். வீடு சொந்தமா? சொந்தம், மவன் சிஜின் துபாயில் இருந்து அனுப்பிக் கட்டியது. வண்டி உண்டா, பிரிட்ஜ் உண்டா? உண்டு, உண்டு, வாஷிங் மெஷினும் உண்டு. வீட்டில் கல்யாணமாகாத பெண்கள் எத்தனை பேர்? ஒருத்திதான், ஷைஜா. வயது? இருபத்திநாலு. படிப்பு? பி.எஸ்சி., அதோடு பி.எட். எல்லாம் மணி மணியாக வந்தது. உள்ளே பாலைக் கொதிக்க வைக்கிற வாசனையும் வந்தது. கடைசியில், வீட்டில் ரேடியோ கேட்பதுண்டா, காலையில் யார் கேட்பார்கள் என்றேன்.

தேவகனி அம்மா தீயில் கை வைத்தது போலப் பதறினார். "ரேடியோவா? இந்த வீட்டில அந்தச் சத்தமே கெடையாது சாரே. பிள்ள எழும்பினா வேதம் வாசிக்கும், எனக்குக் கூடமாட வேல செய்யும். அந்த மாதிரிப் பழக்கம் ஒண்ணும் எங்க பிள்ளைக்கு இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "செரி, பையன் எங்க வேல பாக்குதான்?"

"எந்தப் பையன்?"

"எங்கிட்ட எதுக்கு ஒளிக்கிய? வெள்ளச் சட்டையும் கொடையுமா ஆணும் பெண்ணும் வந்து, பிள்ளைக்க வயசு கேட்டு, படிப்பு கேட்டு, பிரிட்ஜு வரைக்கும் கேட்டா பின்ன என்னவாக்கும்? போன மாசமும் இப்பிடித்தான் ரெண்டு பேரு வந்து எழுதிட்டுப் போனாவ. ஒரு வெவரமும் வரல்ல."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கிழக்கே இவ்வளவு கிடையாது, மேற்கே எங்கள் பக்கத்தில் பெண் பேசுவதற்கு முன்னால் ஆள் அனுப்பி விசாரிப்பது வழக்கம். நேரே சொல்ல மாட்டார்கள். நிலம் பார்க்க வந்தேன், சர்வே எடுக்க வந்தேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுகளாகப் பார்த்துப் போங்கள் என்று முதலாளி கம்பெனிக்காரர்களிடம் சொல்லியிருந்தார். கம்பெனி அப்படியே போயிருக்கிறது. போன இடமெல்லாம் அவர்களை மாப்பிள்ளை வீட்டு ஒற்றன் என்று நினைத்திருக்கிறார்கள். ஒற்றனிடம் போய் எந்த அம்மா, "ஆமா, எனக்க மவ வெள்ளனே எழும்பி எப்.எம்.முக்கு விளிப்பா" என்று சொல்வாள்?

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாங்கள் அதற்கு வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அம்மா, நாங்க பெண்ணு விசாரிக்க வந்தவங்க இல்ல. ரேடியோவில இருந்தாக்கும் வாறோம்" என்றார்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. கதவோரம் ஒரு பிள்ளை வந்து நின்றது. அக்காவையே பார்த்தது. வாய் பிளந்து, கண் விரிந்து, சொந்த மாமியைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டுபிடித்ததைப் போல ஒரு பார்வை. தேவகனி அம்மாவுக்கும் குரல் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு மகளிடம் "உள்ள போ" என்றார். எங்களைப் பார்த்து, "நீங்க யாருண்ணு எனக்கு அறிஞ்சூடா" என்றார். தெரியாதாம். சாயா வரவில்லை.

சந்துக்கு வந்ததும் மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு பகவதியம்மாள். "விசாரிச்சியளா? நான் குத்தம் சொல்லல்ல, கேட்டியளா. நல்ல பிள்ளதான். ஆனா வெள்ளனே அஞ்சரைக்கு எழும்பினா அந்த எப்.எம்.தான். தாயும் மவளும் சேந்து கேப்பாவ. அந்தப் பொம்பள சிரிச்சா இவியளும் சிரிப்பாவ."

"உங்க வீட்டில கேக்க மாட்டியளா?"

"அய்யோ, எங்க வீட்டில ரேடியோவே கெடையாது" என்றார் பகவதியம்மாள். அவர் அடுக்களையில் எங்கள் தென்முனையின் விளம்பரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தாண்டத்துப் பாத்திரக் கடை விளம்பரம். நான் பிடித்துக் கொடுத்தது.

அந்தச் சந்து முழுக்க இதே கதைதான். தங்கள் வீட்டில் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனால் அதற்கடுத்த வீட்டைக் கை காட்டினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அவளுக்கு எனக்க சத்தம் தெரிஞ்சிது மரியஜானே. தெரிஞ்சிட்டாக்கும் அறிஞ்சூடாண்ணு சொன்னா. அண்டியாபீசில கூட எனக்க மொகத்தப் பாத்து ஒருத்தி இப்பிடிச் சொன்னது இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  எனக்கும் சிரிப்பு போய்விட்டது.

ஆவுடையப்பன் முழுவதையும் கேட்டார். நம்பினார் என்றே நினைக்கிறேன். "ஆனா பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்னு எந்தக் கம்பெனி எழுதிக்கும் மரியஜான்? அவங்கவங்க வாயால சொல்லணும்லா" என்றார். அதுவும் நியாயம்தான். முதலாளியிடம் பேசி, மேற்குப் பக்கம் மட்டும் இன்னொரு தடவை கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். வந்து நிற்கிறவர் யார் என்று மக்களுக்குத் தெரிந்தால் போதும், உண்மை தானாக வரும் என்று நாங்கள் மூன்று பேருமே நம்பினோம்.

அந்த வாரம் முழுக்க அக்கா காலையில் சொன்னார். "வீட்டுக்கு ஆளு வருவாங்க. பெண்ணு விசாரிக்க வாறவங்க இல்ல, ரேடியோக் கணக்குக்காரங்க. பயப்படாதீங்க, உள்ளதச் சொல்லுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல், "நீங்க சொல்லல்லேண்ணா நான் இனி இங்க இருக்க மாட்டேன்" என்றும் சேர்த்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு உள்ளதைச் சொல் என்றால் புரியாது. ஒருத்தி பிழைப்பு போகப்போகிறது என்றால் நன்றாகப் புரியும். கணக்குக்காரப் பிள்ளைகள் போன வீடெல்லாம் ஒரே பதில். தென்முனை மட்டும்தான் கேட்போம். எப்போது? விடியற்காலையிலிருந்து தூங்குகிறது வரைக்கும். வேறு ஸ்டேஷன்? அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திருவனந்தபுரத்து ஸ்டேஷனை ஓடவிட்டுக்கொண்டே ஒரு வீட்டில் இப்படிச் சொன்னார்களாம். காதே கேட்காத ஒரு பெரியவர், தானும் தினமும் கேட்பதாகக் கையெழுத்துப் போட வந்தாராம். போதாதற்கு அந்தப் பிள்ளைகளைச் சும்மா அனுப்பாமல் ஒரு வீட்டில் நேந்திரங்குலையும் இன்னொரு வீட்டில் பலாச்சுளையில் வறுத்த சக்கை வற்றலும் கொடுத்து, "எக்காவ நல்லா எழுதுங்க மக்களே" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பெனி என்ன செய்யும்? முதல் தடவை சுழியம், இரண்டாம் தடவை நூற்றுக்கு நூறு. ஸ்டேஷனே ஊர் ஊராக ஆள் விட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, கணக்கெடுப்பவர்களுக்குக் கைக்கூலி தர முயற்சி நடந்திருக்கிறது, இந்தப் பகுதியின் கணக்கை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செய்தி எப்படியோ திருவனந்தபுரத்தானுக்கும் திருநெல்வேலியானுக்கும் போய்விட்டது. மார்த்தாண்டத்தில் நான் எந்தக் கடைக்குப் போனாலும், "கள்ளக் கணக்குக்காரன் வாறான்" என்கிற மாதிரிப் பார்த்தார்கள். முதலாளி ஆத்திரத்தில் மேற்கையே கைகழுவினார். 'வெள்ளனே வாங்க' அடுத்த சனிக்கிழமையோடு முடிகிறது; அந்த நேரத்துக்குத் திருநெல்வேலிப் பேச்சில் புது நிகழ்ச்சி வரும்.

ஆவுடையப்பன் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லும்போது நானும் இருந்தேன். "முன்னாடி நாலஞ்சு பேரு பொய் சொல்லுதாங்கன்னு நெனச்சேன். இப்ப ஒரு ஊரையே பொய் சொல்ல வச்சுட்டீங்களே மேடம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் அக்காவை அதிகம் சுட்டது. எழுந்து போனார். அன்று ரசலையன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "அவ ஊருக்குப் போவ மாட்டேங்கியா மக்கா. அங்க எந்த மூஞ்சிய வச்சுட்டு நடப்பேண்ணு கேக்கியா" என்றார். 

சனிக்கிழமை அக்கா வழக்கம் போலவே வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் ஆவுடையப்பனும் உட்கார்ந்திருந்தோம். கடைசி நாளில் ஆத்திரத்தில் ஏதாவது பேசிவிடுவாரோ என்று அவருக்குச் சந்தேகம். அதனால்தான் அவ்வளவு காலையில் வந்திருந்தார். அக்கா ஆத்திரப்படவில்லை. இரண்டு பாட்டுப் போட்டார். "இண்ணையோட நான் நிப்பாட்டுதேன். நான் கள்ளம் ஒண்ணும் செய்யல்ல, அத மட்டும் நீங்க நம்பினா போதும். மழை உண்டுமா எங்கயாவது?" என்றார்.

போன் அடித்தது. "எக்கா, குலசேகரத்தில மழை இல்ல" என்றது ஒரு குரல். பிறகு ஒரு தயக்கம். "நான் ஸ்மிதாவாக்கும் பேசுதேன். செறுதிக்கோணம், பேபிக்க மவ. முன்னால பூதப்பாண்டிண்ணு சொன்னது நான்தான்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த அழைப்பு. "நான் குளோரி, இனயம். எங்க அப்பா பேரு சிலுவைமுத்து." அடுத்தது. "ஷெர்லி, மார்த்தாண்டம். எனக்கு வாற மாசம் நிச்சயம் வச்சிருக்கு எக்கா. இருந்தாலும் சொல்லுதேன்." அப்பா பெயர், வீட்டுப் பெயர், ஊர்ப் பெயர் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. இதிலும் அக்காவின் சொந்தக்காரி எவளாவது இருக்கிறாளா என்றுதான் என் புத்தி முதலில் தேடியது. பிறகு அது தானாக அடங்கிவிட்டது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள், மாவட்டமே கேட்கிற இடத்தில் வந்து தங்கள் பெயரை வைக்கிறார்கள்.  ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நிகழ்ச்சி முடிகிற எட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கடைசி அழைப்பில் வயதான பெண் குரல்.

"எனக்க பேரு தேவகனி. கருங்கல், சந்தைக்குப் பொறத்த வீடு. எனக்க மவ பேரு ஷைஜா, இன்னும் கெட்டிக் கொடுக்கல்ல. அவளும் நானும் மூணு வருசமா இதக் கேக்குதோம். அண்ணைக்கு நீங்க எனக்க வீட்டுக்கு வந்தப்ப உங்கள அறிஞ்சூடாண்ணு சொன்னேன். ஒரு சாயா கூடத் தரல்ல. இதக் கேட்டுட்டு எனக்க பிள்ளைய வேண்டாமுண்ணு சொல்லுதவன் சொல்லட்டு."

அக்கா பேச முயன்றார். குரல் வரவில்லை. காற்றில் அவ்வளவு நேரம் சத்தமே இல்லாமல் விட்டால் ஆவுடையப்பன் கண்ணாடித் தடுப்பைத் தட்டுவார், அன்று தட்டவில்லை. கடைசியில், இத்தனை நாள் எல்லாரிடமும் கேட்டுப் பழகிய வாய் அதையே கேட்டது.

"உங்களுக்கு... எந்தப் பாட்டு போடட்டும் அம்மா?"

"பாட்டு ஒண்ணும் வேண்டாம் பிள்ளே" என்றது அந்தக் குரல். "பேரச் சொல்லத்தான் விளிச்சேன்."